ஆயில் ஃபில்டரை எந்தக் குழாயில் வைப்பது?

பழைய மோட்டார் சைக்கிளைக் கைவிடாமல் ஓட்டுகிறவர்கள் வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளும் வேலைகளில் ஒன்று ஆயில் ஃபில்டரை இடம் மாற்றுவது. இன்ஜினுக்குள் எங்கோ பதுங்கியிருக்கும் ஃபில்டரை வெளியே கொண்டுவருவார்கள். ஃபில்டரே இல்லாத இன்ஜின் என்றால் புதிதாக ஒன்றைச் சேர்ப்பார்கள். காருக்குப் போடுகிற டப்பா வடிவ ஃபில்டர் ஒன்று, அதைத் திருகி மாட்ட ஓர் அலுமினியத் தலை, இரண்டு ஹோஸ், நான்கு கிளிப், வண்டியின் சட்டத்தில் பொருத்த ஒரு தகடு. இவ்வளவுதான் சாமான். கை பழகியவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். இதைச் செய்யலாமா என்று கேட்டால் உடனே இரண்டு பதில்கள் வரும். கம்பெனிக்காரர்கள் யோசித்து வைத்த இடத்தில் கை வைக்காதே என்பது ஒன்று. என் வண்டி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது இன்னொன்று. இரண்டுமே கேட்க வேண்டிய கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன. ஃபில்டர் எந்தக் குழாயின் நடுவில் உட்காரப் போகிறது? இன்ஜினிலிருந்து டேங்குக்கு ஆயில் திரும்பும் வழியிலா, பம்பிலிருந்து பேரிங்குக்கு ஆயில் போகும் வழியிலா? திரும்பும் வழி என்றால் தாராளமாகச் செய்யலாம். போகும் வழி என்றால் கூடாது. ஒரு கைவேலை ஒழுங்காக இருக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் தெரியும். அது என்றாவது பிய்த்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும். இந்த இரண்டு குழாய்களில் ஒன்று பிய்த்துக்கொண்டால் நமக்கு அவகாசம் தரும், மற்றது தராது.

ஆயில் இன்ஜினுக்குள் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். கனெக்டிங் ராடின் பெரிய முனை கிராங்கின் மேல் சுற்றும் இடத்தை எடுத்துக்கொள்வோம். ஷெல் பேரிங் உள்ள இன்ஜின்களில் அந்த உலோகத்துக்கும் இந்த உலோகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி ஏறத்தாழ 25 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அந்த இடுக்கில் அழுத்தத்தோடு புகுத்தப்படும் ஆயில்தான் இரண்டு உலோகங்களையும் ஒன்றையொன்று தொடவிடாமல் பிரித்து வைக்கிறது. பாரம் அதிகமாகும்போது அந்த ஆயில் படலம் சில மைக்ரான் அளவுக்கு மெலிந்துவிடும். இப்போது கிளட்ச் தேய்ந்து உதிர்ந்த தூளோ, கியர் பல்லிலிருந்து வந்த இரும்புத் துணுக்கோ, ஏர் ஃபில்டரைத் தாண்டி வந்த மண்துகளோ அந்தப் படலத்துக்குள் போனால் அது மெல்லிய உலோகப் பரப்பைக் கீறும். கீறிய இடத்திலிருந்து இன்னும் தூள் வரும். காகித ஃபில்டர் 20, 30 மைக்ரான் அளவுள்ள துகள்களில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். கம்பிவலை பிடிக்காது. வலை டீ வடிகட்டி மாதிரி. திப்பியைத் தடுக்கும், பொடியை விட்டுவிடும்.

ஆனால் உலகம் கொண்டாடிய பல மோட்டார் சைக்கிள்கள் அந்தக் கம்பிவலையை மட்டும் நம்பித்தான் வெளிவந்தன. இங்கிலாந்தின் மெரிடனில் செய்யப்பட்ட டிரையம்ப் போன்வில் டி120 இதற்கு நல்ல உதாரணம். 650 சிசி, இரட்டை சிலிண்டர், 1959-ல் வந்த வண்டி. இதன் ஆயில் இன்ஜினுக்கு வெளியே தனி டேங்கில் இருக்கும். பம்பில் இரண்டு பிளஞ்சர்கள். ஒன்று டேங்கிலிருந்து ஆயிலை எடுத்து கிராங்குக்குள் தள்ளும். மற்றது, சற்றுப் பெரியது, வேலை முடிந்து அடியில் வடிந்து தேங்கிய ஆயிலை உறிஞ்சி டேங்குக்கே திருப்பி அனுப்பும். கிராங்க்கேஸின் அடியில் ஆயில் தேங்கவிடாமல் உலர்வாக வைப்பதால் இதை டிரை சம்ப் என்கிறோம். டேங்கில் ஒரு வலை, அடியில் ஒரு வலை. காகித ஃபில்டர் கிடையாது. அதற்குப் பதிலாக கிராங்கின் உள்ளே ஒரு குழல் இருக்கிறது. கிராங்க் சுழலும் வேகத்தில் ஆயிலில் உள்ள கனமான அழுக்கு வெளிப்பக்கமாக வீசப்பட்டு அந்தக் குழலுக்குள் படிந்துவிடும். ஸ்லட்ஜ் டிராப் என்பார்கள், கசடுப் பொறி. புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் அந்தக் குழல் நிரம்பியதா என்று பார்க்க வேண்டுமானால் இன்ஜினை முழுக்கப் பிரித்து கிராங்கை வெளியே எடுத்தாக வேண்டும். பிரிக்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் கசடு கெட்டியாகி, ஒருநாள் பேரிங்குக்குப் போகும் துளையையே அடைக்கும். அழுக்கைப் பிடிக்க வைத்த பொறியே ஆயிலை நிறுத்திவிடும்.

டி120 வைத்திருப்பவர் ஃபில்டர் சேர்க்க நினைப்பது அலங்கார ஆசையால் அல்ல, இந்தக் குறையால்தான். அதற்கு அந்த வண்டியே வழியும் வைத்திருக்கிறது. ஆயில் திரும்பி வரும் பாதையின் ஒரு பகுதி இன்ஜினுக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியும் ரப்பர் ஹோஸாக ஓடுகிறது. அந்த ஹோஸை வெட்டி நடுவில் ஃபில்டரை வைத்தால் போதும். துளை போட வேண்டாம், வெல்டிங் வேண்டாம், இன்ஜினைத் தொடவே வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் பத்து ரூபாய் ஹோஸ் துண்டு ஒன்றைப் போட்டுப் பழையபடி ஆக்கிவிடலாம். இது வீட்டுக் கற்பனையும் இல்லை. நார்ட்டன் கம்பெனி தன் கமாண்டோ வண்டிகளில் 1972 முதல் திருகி மாட்டும் ஃபில்டரைத் தானே போட்டு அனுப்பியது. அது உட்கார்ந்ததும் திரும்பும் வழியில்தான். பொறியாளர்கள் தங்கள் வண்டியில் பின்னால் சேர்த்த திருத்தத்தை டிரையம்ப் வைத்திருப்பவர் தன் வண்டியில் சேர்த்துக்கொள்கிறார். அவ்வளவுதான்.

இப்போது அந்தத் திரும்பும் ஹோஸ் ஒருநாள் வெடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பேரிங்குக்கு ஆயில் போவது நிற்காது. போகும் குழாயில் யாரும் கை வைக்கவில்லை. பம்ப் டேங்கில் உள்ள ஆயிலை வழக்கம்போல் தள்ளிக்கொண்டே இருக்கும். டேங்குக்குத் திரும்ப வேண்டியது சாலையில் கொட்டும். டேங்க் காலியாகும்வரை இன்ஜினுக்குச் சில நிமிடங்கள் உண்டு. அதற்குள் ஆயில் வாடை வரும், சூடான பைப்பில் பட்டுப் புகை எழும், பேண்ட் நனையும். ஓட்டுகிறவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. ஃபில்டர் வெடிக்காமல் அடைத்துக்கொண்டால்? நல்ல ஃபில்டரிலோ அதன் தலையிலோ ஒரு பைபாஸ் வால்வு இருக்கும். அழுத்த வித்தியாசம் ஏறத்தாழ ஒரு பார் அளவுக்கு வந்ததும் திறந்து, வடிகட்டாமலே ஆயிலை விட்டுவிடும். அழுக்கு ஆயில் கிடைப்பது ஆயிலே கிடைக்காமல் போவதைவிட எவ்வளவோ மேல். பைபாஸ் இல்லாத ஃபில்டரை இந்த இடத்தில் மாட்டினால் ஆயில் திரும்ப முடியாமல் கிராங்க்கேஸில் தேங்கும், கிராங்க்கேஸ் காற்றை வெளிவிடும் பிரீதர் வழியாகப் பீய்ச்சும், புகை கக்கும். ஆகவே கடையில் வாங்கும்போது அளவும் மரையும் பொருந்துகிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், பைபாஸ் உண்டா என்று கேட்டு வாங்க வேண்டும்.

திரும்பும் வழியும் முழுக்கப் பத்திரமானதல்ல என்பதை இங்கே நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். இன்ஜினுக்கு அவகாசம் இருக்கிறது, ஓட்டுகிறவருக்கு இல்லை. கொட்டுகிற ஆயில் பின்சக்கரத்தில் பட்டால் அடுத்த வளைவிலேயே வண்டி சறுக்கும். டேங்கும் ஹோஸ்களும் பின்சக்கரத்துக்கு முன்னாலேயே இருக்கும் வண்டிகளில் ஃபில்டருக்கு இடம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். காலியாக இருக்கிறது, ஹோஸ் குட்டையாகப் போதும். நார்ட்டன் வைத்ததும் அங்கேதான். எனக்கு அது உவப்பான இடமாகப் படவில்லை. ஹோஸ் கொஞ்சம் நீண்டாலும் பரவாயில்லை, இணைப்புகள் எங்கே கசிந்தாலும் டயருக்கு நேராகச் சொட்டாத இடமாகப் பார்க்க வேண்டும். அப்படி இடமே கிடைக்காவிட்டால் நடுவில் ஒரு தகடாவது அடிக்க வேண்டும். ஹோஸ் விஷயத்தில் சிக்கனம் கூடாது. தண்ணீர் ஹோஸ் ஆயிலில் ஊறி உப்பும்; நூறு டிகிரி சூட்டில் கொழகொழவென்று ஆகும். ஆயிலுக்கென்றே செய்த நைட்ரைல் ரப்பர் ஹோஸ்தான் வேண்டும், உள்விட்டம் பழைய குழாயைவிடக் குறையக் கூடாது. 360 டிகிரி கிராங்க் உள்ள இந்த இரட்டை சிலிண்டர் இன்ஜின்கள் எப்படி அதிரும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஆயில் நிறைந்த ஃபில்டர் ஒரு மெல்லிய தகட்டின் நுனியில் தொங்கினால் அந்த அதிர்வில் தகடு விரிசல் விடும். தடித்த தகடு, நடுவில் ரப்பர், ஹோஸில் கொஞ்சம் தளர்வு. ஃபில்டரின் வாய் மேல்நோக்கி இருந்தால் கழற்றும்போது சிந்தாது, மாட்டும்முன் ஆயிலை நிரப்பிக்கொள்ளவும் முடியும்.

டிரையம்பில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சிலிண்டர் தலையில் உள்ள ராக்கர்களுக்குப் போகும் ஆயில், திரும்பும் குழாயிலிருந்துதான் டேங்குக்குச் சற்று முன்னால் கிளை பிரிகிறது. ஃபில்டரை அந்தக் கிளைக்கு முன்னால் வைத்தால் ராக்கருக்கும் வடிகட்டிய ஆயில் கிடைக்கும். பின்னால் வைத்தால் ஃபில்டர் தரும் எதிரழுத்தத்தால் ராக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆயில் ஏறும், ஆனால் வடிகட்டாத ஆயில். முன்னால் வைப்பதே சரி என்பேன். இரண்டுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். எங்கே வைத்தாலும் முதலில் கசடுப் பொறியைச் சுத்தம் செய்துவிட வேண்டும். பல ஆண்டுகளாகப் பழைய வகை ஆயிலில் ஓடிய இன்ஜினுக்கு அழுக்கைக் கரைக்கும் இக்கால ஆயிலை ஊற்றினால், படிந்து கிடந்தது பெயர்ந்து வரும். பெயர்வது பேரிங் துளைக்கு முன்னால்; ஃபில்டர் உட்கார்ந்திருப்பதோ எல்லாம் கடந்து போன பிறகு.

இனி போகும் குழாய்க்கு வருவோம். இப்போதைய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை வெட் சம்ப் வகை. தனி டேங்க் இல்லை. ஆயில் இன்ஜினின் அடியிலேயே இருக்கிறது. பம்ப் அங்கிருந்து எடுத்து, அழுத்தி, ஃபில்டர் வழியாக பேரிங்குகளுக்கு அனுப்புகிறது. பம்புக்கும் பேரிங்குக்கும் நடுவே ஃபில்டர். மூன்றையும் இணைப்பது வார்ப்பிலேயே துளைத்த குட்டைப் பாதைகள். இந்த ஃபில்டர் சில வண்டிகளில் இன்ஜினின் முன்புறம் சைலன்சர் பைப்புகளுக்கு நடுவில் சிக்கியிருக்கும். கழற்றினால் பழைய ஆயில் பைப்பின் மேல் வழியும், கை சுடும், ஸ்பேனர் போக இடம் இருக்காது. அதை வசதியான இடத்துக்கு மாற்ற வேண்டும் என்ற ஆசை இயல்பானது. ஆனால் மாற்றினால் என்ன ஆகிறது? பேரிங்குக்குப் போகும் ஆயில் முழுவதும், ஒரு சொட்டு மிச்சமில்லாமல், வெளியே இரண்டு ஹோஸ்களில் பயணம் செய்து திரும்பி வர வேண்டும். சூடான இன்ஜினில் அங்கே மூன்று முதல் ஐந்து பார் அழுத்தம் இருக்கும். குளிர்ந்த ஆயிலோடு ஸ்டார்ட் செய்தவுடன் முறுக்கினால் இன்னும் ஏறும். திரும்பும் குழாயில் தாக்குப்பிடித்த சாதாரண ஸ்க்ரூ கிளிப் இங்கே நழுவும். நழுவிய நொடியில் அழுத்தம் பூஜ்யம். பம்ப் மிச்ச ஆயிலையும் சாலையில் இறைத்துவிடும். படலம் போன பேரிங் உலோகத்தோடு உலோகம் உரசி, உருகி, ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் சீஸ். நூறு கிலோமீட்டர் வேகத்தில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் நடக்கப் போவதோடு ஒப்பிட்டால் இன்ஜின் செலவெல்லாம் சின்ன விஷயம்.

முறையான ஸ்டீல் பின்னல் ஹோஸ், அழுத்திப் பொருத்திய முனைகள், தரமான அடாப்டர் போட்டால் இது நடக்காதே என்று கேட்பார்கள். ரேஸ் வண்டிகளில் வெளி ஹோஸ் இருக்கிறது, ஆயில் கூலர் உள்ள வண்டிகளில் கம்பெனியே ஹோஸ் கொடுக்கிறது. உண்மைதான். ஆனால் ரேஸ் வண்டியை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் யாராவது தடவிப் பார்க்கிறார்கள். கம்பெனி கொடுக்கும் ஹோஸ், அந்த இன்ஜின் எந்த வேகத்தில் எப்படி அதிர்கிறது என்று அளந்து, ஆண்டுக்கணக்கில் சூட்டில் வைத்துச் சோதித்தது. வீட்டில் செய்கிறவருக்கு அந்தச் சோதனை வசதி கிடையாது. அவருடைய சோதனைக்கூடம் சாலை, சோதனைப் பொருள் அவரே. ஃபில்டர் மாற்றுவது சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை வரும் அரை மணி நேரத் தொந்தரவு. அந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்த, ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டரிலும் கூடவே வரும் ஓர் ஆபத்தை வாங்கிக்கொள்வது கணக்கில் நிற்காது.

இந்தக் கணக்கை மிகக் கடுமையாகச் சோதிப்பது பிஎம்டபிள்யூவின் பழைய காற்றுக் குளிர்ச்சி பாக்ஸர் இன்ஜின்தான். 1969 முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் வந்த வரிசை. அதில் ஃபில்டர் இன்ஜினின் வலது முன்புறம், கிராங்க்கேஸுக்குள் செருகிய ஒரு குழலில் இருக்கிறது. சில மாடல்களில் சைலன்சர் பைப் குறுக்கே நிற்பதால் நடுவில் மடங்கும் ஃபில்டர் என்றே தனியாகச் செய்தார்கள். மூடியின் உள்ளே ஒரு பெரிய ஓ-ரிங், ஒரு மெல்லிய தகட்டு வளையம். குழல் எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்று அளந்து இவற்றைச் சரியாக வைக்காவிட்டால், அழுத்தமான ஆயில் பேரிங்குக்குப் போகாமல் உள்ளுக்குள்ளேயே சம்ப்புக்கு ஒழுகிவிடும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. மலிவான அந்த ரப்பர் வளையத்தை அமெரிக்காவில் 'இரண்டாயிரம் டாலர் ஓ-ரிங்' என்று அழைப்பது அது தின்ற இன்ஜின்களை வைத்துத்தான். கம்பெனி வைத்த இடமே இவ்வளவு ஆபத்தானது என்றால் வெளியே எடுத்துவிடுவதுதானே நல்லது என்ற கேள்வி இங்கே வலுவாக எழுகிறது. என் பதில் அப்போதும் மாறாது. ஓ-ரிங்கின் ஆபத்து ஃபில்டர் மாற்றும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் அடங்கியது. வெர்னியர் வைத்து ஆழத்தை அளந்து, புதிய வளையம் போட்டு மூடிவிட்டால் அடுத்த ஃபில்டர்வரை அது முடிந்துபோன விஷயம். வெளியே ஓடும் அழுத்தக் குழாய் அப்படி முடியாது. ஆனால் அந்த வடிவமைப்பை நான் ஆதரிக்கவில்லை. ஒரு வளையம் பிசகினால் இன்ஜின் போய்விடும் என்ற நிலையில் ஒரு பராமரிப்பு வேலையை வாங்குகிறவர் தலையில் வைத்தது பெரிய பிழை.

நம் ஊர் புல்லட்டுக்கும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து இந்தியாவில் காலூன்றி, பிறகு திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் உருவான இரும்பு சிலிண்டர் புல்லட்டும் டிரை சம்ப்தான். ஆனால் அதன் ஆயில் டேங்க் தனியாக இல்லை. கிராங்குக்குப் பின்னால் இன்ஜின் வார்ப்பிலேயே ஓர் அறையாக இருக்கிறது. டேங்கும் பம்பும் ஃபில்டரும் வார்ப்புக்குள்ளேயே இணைந்தவை. வெளியே தெரிவது சிலிண்டர் தலைக்கு ஏறும் மெல்லிய ராக்கர் குழாய்கள்தான். ஃபில்டர் டைமிங் கவரின் முன்பக்க அறையில், பெரிய முனை பேரிங்குக்குப் போகும் வழியில் இருக்கிறது. அந்த பேரிங் மிதக்கும் புஷ் வகை. ஆயில் வரத்து குறைந்தால் பொறுத்துக்கொள்ளாது. டிரையம்பில் பார்த்த அந்த ஃபில்டரை அப்படியே புல்லட்டிலும் மாட்ட நினைத்தால், அந்தப் போகும் வழியைத்தான் குடைந்து வெளியே இழுக்க வேண்டியிருக்கும். வேண்டவே வேண்டாம். ஒரு நட்டைக் கழற்றினால் கைக்கு வரும் ஃபில்டரை ஏன் இடம் மாற்ற வேண்டும்? ஆயில் மாற்றும்போதெல்லாம் ஃபில்டரையும் மாற்றுவது, அடியில் உள்ள பிளக்குகள் எல்லாவற்றையும் திறந்து தேங்கியதை வடிப்பது, உள்ளே வாஷர்கள் இருந்த வரிசையிலேயே திரும்பப் போடுவது. புல்லட்டுக்கு இதுவே போதும்.

ஃபில்டரே தேவையில்லை, ஆயிலை அடிக்கடி மாற்றினால் போதும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நல்ல சாட்சி நம் தெருவிலேயே ஓடுகிறது. ஸ்பிளெண்டர் போன்ற 100 சிசி வண்டிகளில் காகித ஃபில்டர் இல்லை. கிராங்கின் முனையில் சுழலும் ஒரு கிண்ணம் அழுக்கை வீசிப் பிடிக்கும், ஒரு கம்பிவலை பெரிய துணுக்கைத் தடுக்கும். லட்சம் கிலோமீட்டர் ஓடியும் உழைக்கிற வண்டிகள் அவை. ஆனால் அவற்றின் கிராங்கில் இருப்பது உருளை பேரிங். அழுத்தமான ஆயில் படலத்தை ஷெல் பேரிங் அளவுக்கு அது நம்பியிருப்பதில்லை. சுழலும் கிண்ணத்தைச் சுத்தம் செய்ய கிளட்ச் பக்கக் கவரைக் கழற்றினால் போதும்; கிராங்கைப் பிரிக்க வேண்டியதில்லை. அந்த இன்ஜினுக்கு அது பொருந்துகிறது. அந்த வண்டிக்கு வெளியே ஃபில்டர் மாட்ட நினைப்பது வீண். டி120-க்கு அந்த வாதம் பொருந்தாது. அடிக்கடி மாற்றினாலும், ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் பிறக்கும் தூள் பேரிங் வழியாகத்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

இன்னும் கூர்மையான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. திரும்பும் வழியில் வடிகட்டினால் பேரிங்கைத் தாண்டி வந்த பிறகுதானே வடிகட்டுகிறோம், அதனால் என்ன லாபம்? ஆயில் ஒருமுறை மட்டும் ஓடி முடிகிற பொருளாக இருந்தால் இந்த ஆட்சேபம் வென்றுவிடும். ஆயில் சுற்றிச் சுற்றி வருகிறது. இந்தச் சுற்றில் பிறந்த தூள் டேங்குக்கு வரும் வழியில் மாட்டிக்கொண்டால் அடுத்த சுற்றில் பேரிங்குக்குப் போகாது. டேங்கிலேயே கிடக்கும் துருவையும், மூடியைத் திறக்கும்போது விழும் மண்ணையும் இந்த ஃபில்டர் தடுக்காது என்பது சரி. அதற்கு டேங்கைக் கழுவுவதும், ஆயில் ஊற்றும் வாயைத் துடைத்துவிட்டுத் திறப்பதும்தான் வழி. கொஞ்சம் குறைவான பாதுகாப்பு, ஆனால் பிய்த்துக்கொண்டாலும் இன்ஜினைக் கொல்லாத பாதுகாப்பு. கூடுதல் பாதுகாப்பு தருவதாகச் சொல்லி ஒரே நொடியில் எல்லாவற்றையும் பறிக்கக்கூடியதைவிட இதையே நான் தேர்வு செய்வேன்.

சட்டம் என்ன சொல்லும் என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ உண்டு என்கிறது. சைலன்சரை அறுத்து ஊரையே எழுப்புகிறவர்களுக்கு இது வேண்டியதுதான். ஆனால் பதிவுச் சான்றில் ஆயில் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று ஒரு வரியும் இல்லை. திரும்பும் ஹோஸில் சேர்த்த ஃபில்டர் இன்ஜின் எண்ணை மாற்றுவதில்லை, சத்தத்தைக் கூட்டுவதில்லை, புகையையும் கூட்டுவதில்லை. என் வாசிப்பில் இது பராமரிப்புக்குள் அடங்குவது. வாரண்டியில் இருக்கும் புது வண்டியில் செய்தால் வாரண்டி போகும். ஆனால் புது வண்டியின் ஃபில்டர் எப்படியும் போகும் வழியில்தான் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

இதையெல்லாம் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள் என்ற அறிவுரையை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. நல்ல மெக்கானிக்கின் கைக்கு ஈடில்லை. ஆனால் எந்தக் குழாயில் ஆயில் எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரியாமல் ஹோஸை வெட்டினால் மெக்கானிக்கும் தவறுவார், சொந்தக்காரரும் தவறுவார். தெரிந்துகொள்ளும் வசதி யாருக்கு இருக்கிறது என்பதுதான் விஷயம். மெரிடன் காலத்துப் பழுதுபார்ப்புக் கையேடு, டேங்கிலிருந்து கிராங்குக்கும் கிராங்கிலிருந்து டேங்குக்கும் ஆயில் போய்த் திரும்பும் பாதை முழுவதையும் படமாக வரைந்து காட்டியது. அதைப் பார்த்த எவருக்கும் எந்த ஹோஸைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று புரியும். இன்று வண்டியோடு கிடைக்கும் புத்தகத்தைத் திறந்தால் ஆயில் எவ்வளவு ஊற்ற வேண்டும், எந்த ரகம், எப்போது ஷோரூமுக்கு வர வேண்டும் என்பது இருக்கிறது. ஆயில் ஓடும் பாதை இல்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது தேர்ந்தெடுத்த நான்கு துறைகளில் வாகனங்களும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் வந்தது. அந்த உரிமை உதிரிபாக விலையோடும் சர்வீஸ் சென்டர் முகவரியோடும் நின்றுவிடக் கூடாது. ஆயில் பாதையின் வரைபடம், ஒவ்வோர் இடத்திலும் இருக்க வேண்டிய அழுத்தம், ஃபில்டரின் பைபாஸ் எத்தனை பாரில் திறக்கும் என்ற விவரம், இவை வாங்குகிறவர் புத்தகத்திலேயே, தமிழிலேயே அச்சாக வேண்டும். புது வண்டியை வடிவமைக்கிறவர்களும், பைப்பைக் கழற்றாமல், கை சுடாமல், பாதி சாமானை அவிழ்க்காமல் மாற்றக்கூடிய இடத்தில் ஃபில்டரை வைக்கட்டும். அப்படி வைத்தால் அதை வெளியே இழுக்க வேண்டும் என்ற ஆசையே பலருக்கு வராது.

அதுவரை, திரும்பும் வழியில் ஃபில்டர் சேர்த்து முடித்தவர்கள் சாவியைத் திருப்புவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஃபில்டருக்குள் ஆயிலை ஊற்றி நிரப்பி மாட்டுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் டேங்கின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, கிக்கரை நிதானமாக மிதித்துக்கொண்டே இருங்கள். டேங்கின் வாய்க்குள் திரும்பும் குழாயிலிருந்து காற்றுக் குமிழியோடு ஆயில் துப்பித் துப்பி விழுவதைக் கண்ணால் பார்க்கும்வரை பிளக்கை மாட்டக் கூடாது. பத்து மிதியில் வரவில்லை என்றால் இன்னும் பத்து. அப்போதும் வரவில்லை என்றால் ஃபில்டர் தலையில் உள்ளே, வெளியே என்று குறித்த இரண்டு முனைகளில் ஹோஸ்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.